கணினி வட்டின் இடக்கணக்கு: இரு கட்டளைகளும் இரு விடைகளும்

கணினியின் வட்டிலே எஞ்சியுள்ள இடம் எவ்வளவு என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பண்டகசாலைக் காப்பாளரின் அன்றாட வினா போன்றே தோன்றும். கொள்ளளவிலிருந்து நிரம்பியதைக் கழித்தால் எஞ்சுவதே விடை என நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். ஆயின், ஒரே வட்டைப் பற்றி, ஒரே வேளையில், ஒரே கணினியில் இரு கட்டளைகளை இட்டு வினவுமிடத்து, அவை இரு வேறு விடைகளைத் தருதல் கூடும். இரண்டும் பிழையற்றவை, இரண்டும் அவ்வட்டையே அளந்தவை, எனினும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை.

இம்முரண்பாடு கணினித் துறையினரின் அக்கறைக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பலர் ஒரு கணினியைப் பொதுவிற் பயன்படுத்துகின்றனர். வட்டு நிரம்பிவிட்டது என்னும் அறிவித்தல் தோன்றியதும், மிகுதியான இடத்தைக் கைக்கொண்டவர் யார், எவருடைய கோப்புகள் அழிக்கப்படல் வேண்டும் என்னும் தீர்ப்புகள் இவ்வெண்களைச் சான்றாகக் கொண்டே வழங்கப்படுகின்றன. எண் எதனை அளந்தது என்பதை அறியாது வழங்கப்படும் தீர்ப்பு, ஒருவரின் பல்லாண்டு உழைப்பை அழித்துவிட்டு, உண்மைக் காரணத்தைத் தீண்டாது விட்டுவிடக்கூடும். ஆதலின், யுனிக்ஸ், லினக்ஸ் ஆகிய பணிசெயல் முறைமைகளில் வட்டின் இடத்தை அறிய வழங்கும் 'டிஎஃப்', 'டியூ' என்னும் இரு கட்டளைகள் எவற்றை அளக்கின்றன, அவற்றின் விடைகள் ஏன் வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டை எவ்வாறு பொருள்கொள்ளுதல் வேண்டும் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டளைகளின் தோற்றச் சூழல்

இவ்விரு கட்டளைகளும் யுனிக்ஸ் முறைமையின் வயதையே உடையன. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 ஆம் ஆண்டிலே தொடங்கிய பணியின் பயனாக இம்முறைமை உருவாயிற்று. 1971 நவம்பர் 3 ஆம் திகதியிடப்பட்ட அதன் முதற் பதிப்புக் கைந்நூலிலேயே இரு கட்டளைகளும் இடம்பெற்றுள்ளன. 'வட்டில் வெறுமை' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் 'டிஎஃப்' எனவும், 'வட்டின் பயன்பாடு' என்னும் பொருளுடையவற்றின் முதலெழுத்துகள் 'டியூ' எனவும் குறுகின.

இடத்தை அளக்கும் கருவிகள் அத்துணை விரைவிலே தோன்றியமைக்குக் காரணம் அக்காலக் கணினியின் வறுமையே எனலாம். அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11 கணினியின் வட்டு 512 கிலோபைற்று மட்டுமே கொள்ளத்தக்கதாக இருந்தது. அது 512 பைற்றுகள் கொண்ட 1,024 தொகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு கோப்பின் உச்ச அளவு 64 கிலோபைற்று. எனவே முழு அளவுடைய எட்டுக் கோப்புகள் வட்டை நிரப்பிவிடப் போதுமானவை. 1971 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதே கணினியிலேதான் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த தட்டெழுத்தாளர் மூவர் நாள் முழுவதும் விண்ணப்பங்களைத் தட்டெழுதித் திருத்தி வந்தனர். முறைமையை ஆக்கியோரும் அதிலேயே தம் பணியைத் தொடர்ந்தனர். வட்டின் இடம் என்பது தொடக்கத்திலிருந்தே பலருக்குப் பொதுவானதும் அருமையானதுமான ஒரு வளமாக விளங்கியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெயரும் பொருளும்

கட்டளைகளின் வேறுபாட்டை உணர்வதற்குக் கோப்பு முறைமையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வட்டிலுள்ள இடம் சம அளவான தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இன்று பரவலாக வழங்கும் தொகுதியின் அளவு 4,096 பைற்றுகளாகும். ஒரு கோப்பின் உள்ளடக்கம் இத்தொகுதிகளில் வைக்கப்படுகின்றது. எந்தெந்தத் தொகுதிகள் ஒரு கோப்புக்கு உரியன, அதன் உடைமையாளர் யார், அதனைச் சுட்டும் பெயர்கள் எத்தனை என்னும் விவரங்கள் 'ஐநோட்' எனப்படும் ஒரு பதிவிலே குறிக்கப்படுகின்றன. கோப்பின் பெயரோ இப்பதிவில் இல்லை. அடைவு என்பது பெயர்களையும், ஒவ்வொரு பெயரும் சுட்டும் ஐநோட் எண்ணையும் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே.

நூலகத்தை உவமையாகக் கொண்டால் இதனைத் தெளிவாக விளக்கலாம். நூல் வேறு, நூற்பட்டியல் அட்டை வேறு. ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரால் ஒன்றும் பொருட்பிரிவால் ஒன்றுமாக இரு அட்டைகள் இருத்தல் கூடும். அட்டையைக் கிழித்தெறிவதனால் நூல் அழிந்துவிடுவதில்லை. கோப்பு முறைமையிலும் பெயர் வேறு, பொருள் வேறு. இரு கட்டளைகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் இவ்வுண்மையிலேயே உள்ளது.

இரு கட்டளைகளும் கேட்கும் வினாக்கள்

'டிஎஃப்' கட்டளை கோப்புகளைத் தேடிச் செல்வதில்லை. கோப்பு முறைமை தானே பேணிவரும் மொத்தக் கணக்கை வினவி, மொத்தத் தொகுதிகள் எத்தனை, ஒதுக்கப்பட்டவை எத்தனை, வெறுமையாக உள்ளவை எத்தனை என்பவற்றை அறிவிக்கின்றது. நூலக அலுவலகத்திலுள்ள பேரேட்டைப் புரட்டி, நிரம்பிய தட்டுகளின் எண்ணிக்கையைக் கூறுவதற்கு இது ஒப்பாகும். ஏடு ஒன்றையே பார்ப்பதனால் விடை கணப்பொழுதிற் கிட்டுகின்றது.

'டியூ' கட்டளையோ குறித்த அடைவிலிருந்து புறப்பட்டு, அதனுள் அமைந்த அடைவுகள் ஒவ்வொன்றினுள்ளும் நுழைந்து, அங்கு காணும் ஒவ்வொரு பெயரும் சுட்டும் கோப்பு எத்தனை தொகுதிகளைக் கொண்டுள்ளது என வினவிக் கூட்டிச் செல்கின்றது. பட்டியல் அட்டைகளைக் கையிலே கொண்டு, ஒவ்வோர் அட்டைக்கும் உரிய நூலைத் தேடி அளப்பதற்கு இது ஒப்பாகும். கோப்புகள் பல்கிய இடத்து இதற்குக் காலம் செல்லும். ஆனால் இடம் எங்கே சென்றது என்பதை 'டியூ' ஒன்றே கூறவல்லது.

சுருங்கக் கூறின், 'டிஎஃப்' முறைமையின் பேரேட்டை வாசிக்கின்றது. 'டியூ' பெயர்களின் வழியே நடந்து எண்ணுகின்றது. பேரேட்டில் உள்ளது யாவும் பெயர்களின் வழியே எட்டத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. விடைகள் வேறுபடுதற்கான சூழல்கள் பல. அவற்றுள் முதன்மையானவற்றை நோக்குவோம்.

பெயரிழந்தும் நீங்காத கோப்பு

யுனிக்ஸ் முறைமையிலே கோப்பொன்றை அழித்தல் என நாம் வழங்குவது, உண்மையில் அதன் பெயரை அடைவிலிருந்து நீக்குதலே. கோப்பைச் சுட்டும் இறுதிப் பெயரும் நீங்கிய பின்னரே, எந்தச் செய்நிரலும் அதனைத் திறந்து வைத்திராத நிலையிலேயே, அதன் தொகுதிகள் விடுவிக்கப்படுகின்றன. பட்டியல் அட்டை கிழிக்கப்பட்ட பின்னரும், வாசகர் ஒருவர் மேசையில் அந்நூலை விரித்து வைத்திருக்கும்வரை நூல் இருந்துகொண்டேதான் இருக்கும்.

நடைமுறையில் இது பெரும்பாலும் குறிப்பேட்டுக் கோப்புகளின் வாயிலாக நிகழ்கின்றது. நாள் முழுவதும் இயங்கும் ஒரு செய்நிரல் தன் நடவடிக்கைகளை ஒரு கோப்பில் எழுதி வருகின்றது, அக்கோப்பு பருத்துவிடுகின்றது, ஒருவர் அதனை அழித்துவிடுகின்றார். செய்நிரலோ பெயரற்ற அக்கோப்பைத் திறந்தவாறே வைத்துக்கொண்டு எழுதுதலைத் தொடர்கின்றது. 'டியூ' பெயர்களின் வழியே செல்வதனால் அதனைக் காணமாட்டாது. 'டிஎஃப்' பேரேட்டை நோக்குவதனால் அதன் தொகுதிகளைக் கணக்கிற் சேர்க்கின்றது. இந்நிலையில் பிறருடைய ஆய்வுத் தரவுகளை அழித்துக்கொண்டு செல்வோர், அச்செய்நிரல் அவ்வாறு விடுபட்ட இடத்தையும் விழுங்கிவருவதையே காண்பர்.

திறந்துள்ள கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப்' என்னும் கருவி இதற்குத் துணைசெய்யும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் என்பவர் ஆக்கிய இக்கருவி, பெயரிழந்த பின்னரும் திறந்திருக்கும் கோப்புகளையும் அவற்றை வைத்திருக்கும் செய்நிரல்களையும் காட்டவல்லது. உரிய செய்நிரலை நிறுத்தி மீளத் தொடக்கினால் இடம் மீளக் கிடைக்கும். இவ்வமைப்பைக் குறைபாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கையிலிருந்து கோப்பைப் பறித்தெடாமை இதன் பயன்.

ஒதுக்கி வைக்கப்பட்ட இடம்

'டிஎஃப்' காட்டும் எண்களே தமக்குள் ஒவ்வாதிருப்பதும் உண்டு. எடுத்துக்காட்டாக, மொத்தம் 100 கிகாபைற்று, பயன்பட்டது 92, கிடைக்கத்தக்கது 3, நிரம்பிய வீதம் 97 எனக் காட்டப்படலாம். 100 இலிருந்து 92 ஐக் கழித்தால் எஞ்சுவது 8 அன்றோ? மீதி 5 கிகாபைற்று, முறைமையின் தலைமைப் பொறுப்பாளரின் பயன்பாட்டுக்கென ஒதுக்கி வைக்கப்பட்டதாகும். நிரம்பிய வீதம் கணிக்கப்படுவது மொத்தத்தின் அடிப்படையிலன்று. பயன்பட்டதும் கிடைக்கத்தக்கதும் சேர்ந்த 95 இன் அடிப்படையிலேயாம்.

இவ்வழக்கம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் உருவாகி, 1983 இல் 4.2 பிஎஸ்டி முறைமையுடன் வெளிவந்த கோப்பு முறைமையில் தெளிவான வடிவம் பெற்றது. அங்கு ஒதுக்கீடு நூற்றுக்கு 10 வீதமாக இருந்தது. வட்டு முற்றாக நிரம்பும்போது ஒரு கோப்பின் தொகுதிகளை அருகருகே வைக்க இயலாது போய் வேகம் குன்றுகின்றது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். லினக்ஸ் உலகில் வழங்கும் 'ஈஎக்ஸ்ரி4' கோப்பு முறைமையில் இயல்பான ஒதுக்கீடு 5 வீதமாகும். 10 டெராபைற்று வட்டொன்றில் இது 500 கிகாபைற்று ஆகிவிடுகின்றது. முறைமைக்குரிய கோப்புகள் இல்லாத தரவு வட்டுகளில் இவ்வளவு ஒதுக்கீடு தேவைதானா என்பது சிந்தனைக்குரியது. பொறுப்பாளர் விரும்பின் ஒரு கட்டளையால் இதனைக் குறைத்துவிட முடியும். கேட்டறியாத பயனாளரோ தமக்கு இடமில்லை என்றே நம்பியிருப்பர்.

இடமிருந்தும் இடமின்மை

இனி, வேறொரு நிலையை நோக்குவோம். வட்டில் முக்காற் பங்கு வெறுமையாக இருக்க, 'இடமில்லை' என்னும் பிழையறிவித்தல் தோன்றுகின்றது. காரணம், தீர்ந்துவிட்டவை தொகுதிகளல்ல, ஐநோட் பதிவுகளே. 'ஈஎக்ஸ்ரி4' முறைமையில் ஐநோட்களின் தொகை வட்டை ஆயத்தம் செய்யும்போதே வரையறுக்கப்படுகின்றது. இயல்பாக 16,384 பைற்றுகளுக்கு ஒன்று என்பது கணக்கு. இவ்விகிதப்படி 16 கிகாபைற்று வட்டொன்றில் 1,048,576 ஐநோட்கள் அமையும். ஒவ்வொன்றும் ஒரே தொகுதியில் அடங்கும் சிறு கோப்புகளை அத்தொகையளவு ஆக்கினால், நிரம்பிய இடம் 4 கிகாபைற்றே. ஆயினும் இன்னொரு கோப்பையேனும் ஆக்குதல் இயலாது. சொற்பதிவு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் அகராதிப் பணி, படிமங்களைத் துண்டுகளாகப் பகுக்கும் ஆய்வு முதலியவற்றில் இது நேரக்கூடும்.

'டிஎஃப்' கட்டளையுடன் 'ஐ' என்னும் தெரிவைச் சேர்த்து இட்டால், தொகுதிகளுக்குப் பதிலாக ஐநோட்களின் கணக்கைக் காணலாம். சிறு கோப்புகளைக் கட்டாகச் சேர்த்து ஒரே கோப்பாக்குதலே இதற்குப் பரிகாரம்.

எவர் கணக்கில் எழுதுவது?

பொதுக் கணினிகளில் எழும் நீதிசார்ந்த வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. ஒரு கோப்புக்கு இரு அடைவுகளில் இரு பெயர்கள் இருப்பின், 'டியூ' ஒரே நடையில் இரண்டையும் காணும்போது அதனை ஒரு முறை மட்டுமே எண்ணுகின்றது. எண்ணப்படுவதோ முதலிற் சந்தித்த அடைவின் பெயரில். ஆகவே, இருவர் பகிர்ந்துகொள்ளும் தரவின் முழுச் சுமையும் வரிசையில் முந்தியவர் தலையில் விழுகின்றது. பிந்தியவர் சிக்கனமானவராகத் தோற்றமளிக்கின்றார். அடைவுகளைத் தனித்தனியே அளந்தாலோ இருவர் கணக்கிலும் அது எழுதப்பட்டு, கூட்டுத்தொகை உண்மையை விஞ்சிவிடும்.

இதற்கு மறுதலையாக, நீளம் மிகுந்தும் இடம் கொள்ளாத கோப்புகளும் உள்ளன. எழுதப்படாத இடைவெளிகளைக் கொண்ட கோப்பின் நீளம் 10 கிகாபைற்று எனப் பட்டியலில் தோன்றலாம். அது கொண்ட தொகுதிகளோ மிகச் சிலவாகலாம். 'டியூ' இயல்பாகத் தொகுதிகளையே எண்ணுவதனால் உண்மையான இடத்தைக் காட்டுகின்றது. ஒரு பைற்று நீளமுடைய கோப்பும் ஒரு முழுத் தொகுதியைக் கொள்வது இதன் மறுபுறம்.

மேலும், பயனாளருக்குரிய பங்கீட்டை வரையறுக்கும் முறை வேறொரு கணக்கைப் பின்பற்றுகின்றது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேட் எல்ஸ் என்பவரின் பணியால் 4.2 பிஎஸ்டியில் இடம்பெற்ற வட்டுப் பங்கீட்டு முறை, கோப்பு எந்த அடைவில் உள்ளது என்பதை நோக்காது, அதன் உடைமையாளர் யார் என்பதையே நோக்குகின்றது. ஒருவர் பொது அடைவிலே துறைக்கெனச் சேமித்த தரவு அவர் பங்கிலேயே கழிக்கப்படும். இடத்தாற் கணக்கிடுதல், உடைமையாற் கணக்கிடுதல் ஆகிய இரண்டும் நுட்பத்தாற் பிழையற்றவை. எது நியாயமானது என்பது கணினி விடைதரும் வினாவன்று. பயன்படுத்துவோர் தமக்குள் கூடித் தீர்மானிக்க வேண்டியதாகும்.

அலகுகள் பற்றிய ஒரு குறிப்பு

1 டெராபைற்று எனக் குறிக்கப்பட்டு விற்கப்படும் வட்டு, கணினியிற் பொருத்தப்பட்டதும் ஏறத்தாழ 931 கிகாபைற்றாகக் காட்டப்படுவதுண்டு. உற்பத்தியாளர் 1,000 இன் அடுக்குகளால் எண்ணுகின்றனர். கட்டளை 1,024 இன் அடுக்குகளால் எண்ணுகின்றது. இக்குழப்பத்தை நீக்கச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1998 இல் 'கிபி', 'மெபி', 'கிபி' ஆகியவை போன்ற தனி முன்னொட்டுகளை வகுத்ததாயினும், வழக்கிலே பழைய பெயர்களே பெரிதும் நிலைத்துள்ளன. லினக்ஸில் வழங்கும் 'டிஎஃப்' கட்டளையுடன் 'எச்' என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தைச் சேர்த்தால் 1,024 இன் அடிப்படையிலும், அதன் பேரெழுத்தைச் சேர்த்தால் 1,000 இன் அடிப்படையிலும் விடை கிடைக்கும். இரு அறிக்கைகளை ஒப்பிடுமுன் அவை எவ்வலகில் எழுதப்பட்டன என்பதை வினவுதல் இன்றியமையாதது.

ஆராயும் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து, வட்டு நிரம்பியதாக அறிவிக்கப்படும்போது மேற்கொள்ளத்தக்க ஓர் ஒழுங்கை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதற்கண் 'டிஎஃப்' கட்டளையால் நிரம்பியது எந்தக் கோப்பு முறைமை என்பதை அறிதல் வேண்டும். ஒரு கணினியில் பல கோப்பு முறைமைகள் பொருத்தப்பட்டிருக்கக்கூடுமாதலால், நிரம்பாத ஒன்றில் கோப்புகளை அழிப்பது பயன்தராது. இரண்டாவதாக, ஐநோட்களின் கணக்கைப் பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, 'டியூ' கட்டளையை அக்கோப்பு முறைமையின் எல்லை கடவாதவாறு 'எக்ஸ்' என்னும் தெரிவுடன் இட்டு, விடைகளை அளவின்படி வரிசைப்படுத்திப் பெரிய அடைவுகளை இனங்காணுதல் வேண்டும். இதனைத் தலைமைப் பொறுப்பாளரின் அதிகாரத்துடன் செய்வதே தகும். அன்றேல், நுழைய அனுமதியில்லாத அடைவுகள் கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும். நான்காவதாக, இரு கட்டளைகளின் தொகைகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு பெரிதாயின் பெயரிழந்த கோப்புகளைத் தேடுதல் வேண்டும். ஓர் அடைவின்மேல் வேறொரு கோப்பு முறைமை பொருத்தப்பட்டு, அடியிலுள்ள பழைய கோப்புகள் மறைந்திருப்பதும் இத்தகைய வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். இவையனைத்தும் முடிந்த பின்னரே எவருடைய கோப்பையும் அழிப்பது பற்றிய பேச்சு எழுதல் முறையாகும்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, வட்டின் இடம் என்பது ஒற்றை எண்ணால் உரைக்கத்தக்க ஒன்றன்று என்பது புலனாகின்றது. பேரேட்டின் எண் ஒன்று. பெயர்களின் வழி எண்ணிய எண் மற்றொன்று. ஒதுக்கீட்டை நீக்கிய எண் பிறிதொன்று. அவற்றிடையேயுள்ள வேறுபாடே உண்மையை நோக்கி நம்மை இட்டுச்செல்லும் தடயமாக அமைகின்றது. விடைகள் ஒவ்வாதவிடத்து ஒன்றைப் பொய்யென ஒதுக்காது, ஒவ்வொன்றும் எவ்வினாவுக்குரிய விடை என ஆராய்தலே அறிவியல் மனப்பாங்காகும். சமூகக் கணக்குகளை ஆராய்வோர்க்கும் இது புதியதோர் உண்மையன்று.

இன்று சேமிப்பிடம் பெருநிறுவனங்களிடம் வாடகைக்குப் பெறப்படும் பண்டமாக மாறிவருகின்றது. அங்கு பயனாளர் காண்பது நிரம்பிய வீதத்தைக் காட்டும் ஒரு பட்டையையும் மேலதிகக் கட்டணத்துக்கான அழைப்பையுமே. அவ்வெண் எங்ஙனம் பெறப்பட்டது என வினவும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் இல்லை. லினக்ஸ் முறைமைகளில் பரவலாக வழங்கும் 'டிஎஃப்', 'டியூ' ஆகியவற்றின் மூலநிரலோ எவரும் வாசிக்கத்தக்கதாய், பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. அளக்கும் கருவியை ஆராயும் உரிமை, அளக்கப்படுவோரிடமும் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை கைவசமுள்ள இடத்தும் அதனைப் பயன்கொள்ளாதிருப்போமாயின், நம் உழைப்பின் எந்தப் பகுதி எஞ்ச வேண்டும், எப்பகுதி அழிய வேண்டும் என்பதை நாமறியாத ஒரு கணக்கே தீர்மானிக்கும்.